கூண்டும் கூடும்



வேங்கிக்காலில் நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நூலகத்தின் பயன் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு நம்மைப் பணித்துள்ளனர். சென்ற திங்கள் நம் இளைஞர் ஒருவர், "ஐயா, தேர்வுக்குரிய நூல்களை வாங்கினால் வேலை கிடைக்கும். கதை நூல்களை வாங்கி வைப்பதால் நமக்கு என்ன பயன்?" என்று வினவினார். நியாயமான வினா. அவருக்கு அன்று சொல்லாத விடையை இன்று இம்மன்றத்தில் சொல்ல விழைகிறோம்.

நம் நூலகத்தில் 'எரியும் பனிக்காடு' என்னும் நாவல் உள்ளது. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் அதனை 'ரெட் டீ' என்னும் பெயரில் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பாக 2007இல் அது தமிழுக்கு வந்தது. 2013இல் வெளிவந்த 'பரதேசி' திரைப்படத்திற்கும் இந்நூலே அடிப்படை. படத்தைப் பார்த்தோர் நம்மில் பலர். நூலைப் படித்தோர் மிகச் சிலர்.

கதை 1920களில் நிகழ்கிறது. நெல்லைச் சீமையில் பிழைக்க வழியற்ற கருப்பனும் அவன் மனைவி வள்ளியும், மேஸ்திரியின் இனிய சொல்லை நம்பி, முன்பணம் பெற்று ஆனைமலைத் தோட்டத்திற்குச் செல்கின்றனர். வாங்கிய முன்பணம் கடனாகிறது, கடன் கால்விலங்காகிறது. காய்ச்சலும் குளிரும் அட்டையும் ஒருபுறம். துரைமாரின் அத்துமீறலும் மேஸ்திரியின் பிரம்பும் மறுபுறம். தப்பிச் செல்லவும் இயலாது. முன்பணம் பெற்று வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைத் தண்டிக்க 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதனை நீக்குதற்குரிய சட்டம் 1925இல்தான் இயற்றப்பட்டது.

எத்தனை பவுண்டு தேயிலை கப்பலேறிற்று என்பதைத் தோட்டக் கணக்கேடு சொல்லும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மறுநாள் எவ்வாறு கொழுந்து பறித்தாள் என்பதை அது சொல்லாது. அவ்விடத்தை நிரப்புவதற்கே வரலாற்று நாவல் வேண்டியிருக்கிறது.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய செய்தி அன்று. 1788இல் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் குடியேறினர். அங்குப் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்த பூர்வகுடி மக்களைக் கண்ணெதிரே கண்டும், அந்நிலத்தை உரிமையாளர் எவருமற்ற நிலமாகவே சட்டம் கருதிற்று. எடி மாபோ என்னும் தீவுவாசியும் அவர்தம் தோழர்களும் தொடுத்த வழக்கில், 1992 சூன் 3 அன்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் அக்கருத்தைத் தள்ளியது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அதே ஆண்டு சனவரியில் மறைந்துவிட்டார்.

அந்நாட்டின் நூங்கார் பூர்வகுடியில் தோன்றியவர் கிம் ஸ்காட். 2010இல் 'தட் டெட்மேன் டான்ஸ்' என்னும் வரலாற்று நாவலை எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையரும் நூங்கார் மக்களும் முதலில் நட்போடு பழகியதையும், பின்னர் அந்நட்பு முறிந்ததையும் அது காட்டுகிறது. அந்நாட்டின் உயரிய மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது 2011இல் அதற்குக் கிடைத்தது. நிலத்தை இழந்த குடியில் பிறந்தவரே அவ்விழப்பின் கதையை எழுதினார் என்பதை நம் இளைஞர்கள் கருத்திற் கொள்ளவேண்டும்.

நிலத்திலிருந்து பெயர்த்து ஓரிடத்தில் அடைத்தால் உயிர்களின் இயல்பே எவ்வாறு திரிகிறது என்பதற்கு, அதே ஆஸ்திரேலியாவின் பறவை ஒன்றைச் சான்றாகக் கூறுவோம். கிளி நமக்குப் புதிதன்று. அருணகிரிநாதர் கிளியுருக் கொண்டு அமர்ந்தார் என்னும் மரபால் பெயர் பெற்ற கிளிக் கோபுரம் நம் திருவண்ணாமலையில் உள்ளது. ஆஸ்திரேலியாவிலும் அதனைச் சூழ்ந்த தீவுகளிலும் வாழ்வது காக்கட்டூ என்னும் கொண்டைக்கிளி. காட்டில் அது பல்லாண்டுகள் ஒரே இணையோடு வாழும். வெண்ணிறக் கொண்டைக்கிளிகள் பலவற்றில் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும். குஞ்சுகளை இரண்டும் சேர்ந்தே வளர்க்கும்.

இப்பறவையைக் கூண்டில் அடைத்தால், ஆண் சில வேளைகளில் தன் பெண்ணையே தாக்குகிறது. அலகை உடைக்கிறது, கொன்றும் விடுகிறது. ஆண்டுக்கணக்கில் அமைதியாக வாழ்ந்த இணையிலும் இது நேர்வதுண்டு. பெண் இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாகுமுன் ஆண் ஆயத்தமாதல், வளர்ப்போர் தம் விருப்பப்படி இணை சேர்த்தல், இடநெருக்கடி, இரை தேடும் வேலை இன்மை ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறுவர். காட்டிலே சினந்த ஆணிடமிருந்து பெண் பறந்து விலகிவிடும். கூண்டிலே பறந்து செல்ல இடமில்லை. ஆகவே, அறிந்து வளர்ப்போர் பெரிய கூண்டு அமைக்கின்றனர். கூட்டுப்பெட்டிக்கு இரண்டு வாயில்கள் வைக்கின்றனர். ஆணின் இறகைச் சிறிது நறுக்குகின்றனர். தாக்குதல் தொடங்கினால் உடனே பிரித்துவிடுகின்றனர்.

அன்பர்களே, இதனைப் படித்தபோது நம் வீடே நினைவிற்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்திற்குப் பணி நிமித்தம் சென்றோம். நாற்காலிகள் காலியாக இருந்தும், அமரச் சொல்வார் இல்லை. உடன் வந்தவர் அமர்ந்தார்; நாம் ஒரு மணி நேரம் நின்றோம். அங்கு ஒரு சொல்லும் பேசவில்லை. அன்றிரவு, குழம்பில் உப்புக் குறைவென்று சோற்றுத் தட்டை வீசினோம். இல்லாளை நோக்கிக் கை ஓங்கினோம். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நம் மகள், எதுவும் பேசாமல் சிதறிய சோற்றைப் பொறுக்கினாள். நம்மை அவமதித்தவர் அவ்வேளையில் தம் வீட்டில் நிம்மதியாக உறங்கியிருப்பார். பட்டமும் பதவியும் பெற்ற நாம் அன்று அக்கிளியினும் மேலாக நடந்துகொள்ளவில்லை.

கிளியினும் கீழ் என்று சொல்வதே பொருத்தம். கிளிக்குத் தன் சினத்தின் காரணம் தெரியாது; நமக்குத் தெரியும். தெரிந்தும் அடிப்பவன் கூண்டின்மேல் பழி போட்டுத் தப்ப இயலாது. வெளியில் பட்ட இழிவும் மதுவும் காரணமாகலாம், நியாயமாகா.

1942 சூலை 20 அன்று நாகபுரியில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் பேசிய அண்ணல் அம்பேத்கர், பெண்கள் அடைந்த முன்னேற்றத்தைக் கொண்டே ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அளப்பதாகக் கூறினார். மனைவி கணவனுக்குத் தோழியாகவும் நிகரானவளாகவும் இருக்கவேண்டும், அடிமையாக அன்று என்றும் அறிவுறுத்தினார். அந்த அளவுகோலை நம் தெருவில், நம் வீட்டில் வைத்துப் பார்ப்போமாக.

கூட்டுப்பெட்டிக்கு வைக்கும் இரண்டாம் வாயிலைப்போல நம் பெண்மக்களுக்கும் ஒரு வாயில் வேண்டும். அது கல்வியும் சொந்த வருவாயுமே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 181 என்னும் உதவி எண்ணும் உண்டு. இவற்றைத் தாய்மார்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஆண்மக்களே, இறகை நறுக்க வேண்டுவதில்லை. ஓங்கிய கையை நாமே இறக்கினால் போதும். சினம் உரிய இடத்தில் பேசட்டும்: மனுவில் பேசட்டும், வழக்கில் பேசட்டும், சங்கத்தில் பேசட்டும், எழுத்தில் பேசட்டும்.

வினவிய இளைஞருக்கு நம் விடை இதுதான்: தேர்வு நூல் நமக்கு வேலை வாங்கித் தரும், வேலையோடு வீடு திரும்பும் நாம் எத்தகைய மனிதர் என்பதைக் கருப்பனும் வள்ளியும் நம்மிடம் கேட்பார்கள். இரண்டு நூல்களும் வேண்டும். ஞாயிறுதோறும் மாலையில் 'எரியும் பனிக்காடு' நாவலை ஓர் அத்தியாயமாக நம் கழகத்தில் உரக்கப் படிப்போம். ஆண்கள் தனியே வரவேண்டா. இல்லாளையும் மக்களையும் உடன் அழைத்து வருக. முதல் அத்தியாயத்தை நாமே படிக்கிறோம். அன்று நம் இல்லாளும் மகளும் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள்.