காவலனைக் கொன்ற நஞ்சு

(இரத்தினபுரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேயிலைக்கு அடிக்கும் நஞ்சை ‘மருந்து’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது யாருக்கு மருந்து, யாருக்கு நஞ்சு என்று ஆராயவே இன்று கூடியுள்ளோம்.

இலைகளைப் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று முன்னாளில் இலங்கைத் தேயிலையைப் பாழாக்கியது. அதை அடக்கியது நஞ்சன்று. 1935-36ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்ரோசென்ட்ரஸ் என்னும் சிறு குளவியே. அது புழுவின் உடலில் முட்டையிடும். பொரிக்கும் குஞ்சு அப்புழுவையே தின்று வளரும். கூலி கேளாத காவலன் அவன்!

பின்னர் நடந்தது என்ன? தேயிலைக் கொப்பைத் துளைக்கும் வண்டை ஒழிக்கவென 1950களின் பிற்பகுதியில் டீல்டிரின் தெளிக்கப்பட்டது. வண்டுக்கென அடித்த நஞ்சு குளவியையும் கொன்றது. காவல் ஒழிந்ததும் அடங்கிக் கிடந்த புழு பெருகிற்று. அந்த டீல்டிரினை உலகினின்றும் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளுள் ஒன்றென 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை பட்டியலிட்டது.

அந்த வண்டோ இன்றும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் குடியிருக்கிறது. ஆதலால் இப்பாடம் நமக்கே உரியது.

அதற்காக, நஞ்சை ஒரே ஆணையால் ஒழித்துவிடலாம் என்றும் எண்ணற்க. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு இரசாயன உரத்தையும் பீடைகொல்லியையும் ஒருங்கே தடுத்தது, விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை நீங்கிற்று. மாற்றுவழி காட்டாது இட்ட ஆணை உழவனையே தண்டித்தது. படிப்படியாகக் குறைப்பதே நம் வழி.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. நஞ்சுத் தாங்கியைச் சுமப்பதோ நம் தொழிலாளியின் முதுகு. ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: பூச்சி எத்துணை உண்டென மலைதோறும் எண்ணிப் பார்த்த பின்னரே தெளிக்க வேண்டும், பூச்சியில்லா மலையில் ஒரு துளியும் விழலாகாது.

இரண்டு: நஞ்சின் பெயரையும் கேட்டையும் தமிழில் எடுத்துரைத்து, கையுறை, முகமூடி, காலணி வழங்க வேண்டும். அவையின்றி அடிக்க மறுப்பவருக்கு அரைப்பேர் போடலாகாது.

மூன்று: வண்டைத் தாங்கும் தேயிலை இனங்கள், கவ்வாத்துக் காலப் பாதுகாப்பு, நன்மை செய்யும் பூச்சிகள் ஆகியன பற்றித் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அறிந்தவை லயங்களுக்கும் சிறுதோட்டக்காரருக்கும் தமிழில் வந்து சேரவேண்டும்.

கொழுந்து பறிக்கும் நம் தாய்மார்களின் கண்களே சுருண்ட இலையை முதலில் காண்கின்றன. அக்கண்களுக்கு அறிவும், அக்கைகளுக்குப் பாதுகாப்பும் கேட்கிறோம். இவற்றை நிர்வாகங்களிடம் எழுத்தில் கேட்போம். ஒன்றுபட்டு நின்று பெறுவோம்.