கண்டதைச் சொல்லி முடிவெடுப்போம்

மழைக்காலம் வந்துவிட்டால், ஜொகூர் மாநிலத்தில் ஆற்றோரத் தோட்டங்களில் வாழும் நமக்கு ஒரே கேள்விதான். வீட்டிலேயே இருப்பதா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போவதா? 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி இருமுறை வெள்ளத்தில் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்த டிசம்பரில் நான் ஆசிரியராகப் பணியேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு மாலை பிரட்டுக் களத்தில் கூட்டம் கூடியது. "போன வருசமும் இப்படித்தான் பெய்தது, விட்டுவிடும்" என்றார் ஒரு பெரியவர். மற்றவர்களும் அதையே வேறு வேறு விதமாகச் சொன்னோம். போக வேண்டாம் என்று முடிவாயிற்று. நள்ளிரவில், இடுப்பளவு நீரில், பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு வெளியேறினோம்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. மேலே பாலத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டதை லோரி ஓட்டும் அண்ணன் பார்த்திருந்தார். கால்வாய் நீர் எதிர்த்து வருவதைக் காவற்காரத் தாத்தா கண்டிருந்தார். ஆயக்கொட்டகை அக்கா வானொலியில் எச்சரிக்கை கேட்டிருந்தார். 'பெரியவர்கள் பேசும்போது நமக்கென்ன' என்று மூவரும் இருந்துவிட்டார்கள். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்திருந்தால் வெளிச்சத்திலேயே கிளம்பியிருப்போம்.

இது நம் தோட்டத்துக் குறை மட்டுமன்று. 1985-இல் அமெரிக்காவில் ஸ்டாசர், டைட்டஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது பேச்சில் வராமலே போய்விடுகிறது என்று கண்டார்கள்.

இன்றுள்ள கருவிகள் இதற்கு உதவுமா? உதவும். நீர்ப்பாசன, வடிகால் இலாகா ஆறுகளின் நீர்மட்டத்தை அளந்து இணையத்தில் வெளியிடுகிறது. நார்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நான்கு படிகள். கைப்பேசி பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் அதைப் படித்துச் சொல்லலாம். கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குகிறவர், தாம் கண்டதை வாட்சாப்பில் குரலாகவே அனுப்பலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. டெனிஸ் என்னும் ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி வழியே கலந்துபேசிய குழுக்கள் கூடுதலான செய்திகளைப் பரிமாறிக்கொண்டன, முடிவோ சிறக்கவில்லை. வந்த செய்தியை எடைபோட்டுப் பார்க்காததே காரணம். கருவி செய்தியைக் கொண்டு வரும். யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே மூன்று பழக்கங்களைக் கைக்கொள்வோம். முதலாவது, "என்ன செய்யலாம்?" என்று கேட்குமுன், "யார் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். தலைவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும். இரண்டாவது, பாலத்தைப் பார்ப்பவர் யார், கால்வாயைப் பார்ப்பவர் யார், நீர்மட்டத்தைப் படிப்பவர் யார் என்று மழைக்கு முன்பே குறித்து, எல்லாருக்கும் தெரிவிக்க வேண்டும். மூன்றாவது, வந்த செய்திகளைக் கரும்பலகையில் எழுதி, உரக்கப் படித்த பிறகே கை தூக்கச் சொல்ல வேண்டும்.

தாய்மார்களே, "எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள். நீங்கள் மட்டும் கண்ட ஒன்றில் நாற்பது வீட்டுப் பிள்ளைகளின் உயிர் அடங்கியிருக்கலாம்.