காடு முதல், கூட்டம் வட்டி



காட்டோரச் சிற்றூர்களை வாழ வைப்பது காடா, காண வரும் கூட்டமா? இதுதான் தலைப்பு. எதிரணிச் சகோதரி முதுமலைக்குப் பக்கத்திலுள்ள மசினகுடியை எடுத்துக்கிட்டாங்க. "ஜீப் ஓடினாத்தான் அங்கே அடுப்பு எரியும்"னு அடிச்சுச் சொன்னாங்க. நானும் அதே ஊரையே எடுத்துக்கிறேன். எதிரி கையில் இருக்கிற வாளை வாங்கிச் சண்டை போடறதுல ஒரு சுகம் இருக்கு! (சிரிப்பு)

மசினகுடிக்கும் ஊட்டிக்கும் நடுவில் கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவு. காலையில் தின்ன இட்லி தொண்டை வரைக்கும் வந்து நலம் விசாரிச்சிட்டுப் போகும். (சிரிப்பு) இத்தனை பாடுபட்டு மனுஷன் எதுக்குப் போறான்? டீ குடிக்கவா? டீ நம்ம தெருமுனையிலேயே கிடைக்குதே! யானையைப் பார்க்கப் போறான். அதிர்ஷ்டம் இருந்தா புலியைப் பார்க்கப் போறான்.

2012 ஜூலையில், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அக்டோபரில் தடை நீங்கியது. 2020இல் கொரோனா வந்தது. மறுபடியும் ஜீப் நின்னுது. ஓட்டுநர் வீட்டில் கஷ்டம்தான், நான் மறுக்கலை. ஆனா, கதவு திறந்ததும் கூட்டம் திரும்பி வந்ததே, கூட்டி வந்தது யாரு? அங்கேயே நின்ன காடு! கூட்டம் போனா காடு கூட்டி வரும். காடு போனா, கூட்டம் கூட்டி வருமா? (கைதட்டல்)

அங்கே யானை வழித்தடத்தை அறிவித்த 2010ஆம் ஆண்டு அரசாணையை, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூணே மாசம். 2021 ஜனவரியில் அதே மசினகுடியில், ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மேல் நெருப்பைக் கொளுத்தி வீசினாங்க. காதில் தீயோடு அது ஓடின காட்சியை நாடே பார்த்தது. அந்த யானை செத்துப் போச்சு. பெயர்ப் பலகையில் 'இயற்கையின் மடியில்'னு எழுதறோம். மடியில் உட்கார்ந்துகிட்டே தாயின் கழுத்தை நெரிக்கலாமா?

அதே ஆண்டு, மசினகுடி, கூடலூர்ப் பக்கம் மனிதரையும் மாட்டையும் கொன்ற ஒரு புலியை அக்டோபரில் உயிரோடு பிடித்தார்கள். அதுவரை மேய்ச்சலுக்குப் போனவர் வீடு திரும்பும் வரை அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கியிருக்குமா? காட்டின் தொல்லையைத் தாங்கறவன் உள்ளூர்க்காரன். காட்டின் வருமானமும் முதலில் அவன் வீட்டுக்குத்தான் போகணும். வெளியூர்க்காரன் விடுதிக் கல்லாவுக்கு மட்டும் போனா, அந்தக் கூட்டத்தால் ஊருக்கு என்ன வாழ்வு?

2023இல் ஆஸ்கார் வாங்கின ஆவணப்படத்தை நினைச்சுப் பாருங்க. தெப்பக்காடு முகாமில் தாயை இழந்த ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் காட்டு மக்கள். உலகத்தையே முதுமலைப் பக்கம் திரும்ப வைத்தது எந்த நட்சத்திர விடுதி? காடும், காட்டோடு வாழத் தெரிந்தவர்களும்தான்!

அரணுக்கு இலக்கணம் சொன்ன வள்ளுவர் நீரோடும் நிலத்தோடும் மலையோடும் காட்டையும் சேர்த்தார். நடுவர் அவர்களே, காடு முதல், கூட்டம் வட்டி. வட்டியில் சாப்பிட்டா பேரன் வரைக்கும் சாப்பிடலாம். முதலையே தின்னா, நாளைக்கு ஜீப் இருக்கும், ஓட்டுநர் இருப்பார். "எங்கே போகணும்?"னு கேட்டா, காட்ட இடம் இருக்காது. காடே வாழ வைக்கிறது என்று தீர்ப்பு வழங்குங்கள். (பலத்த கைதட்டல்)