வாய் திறவாத உறுப்பினர்



கல்லூரிகளில் தமிழ் மன்றம், அறிவியல் கழகம், விவாத சபை எனப் பல அமைப்புகள் உள்ளன. ஆண்டுத் தொடக்கத்தில் புதியோர் பலர் வந்து சேர்கின்றனர். அவருள் சிலரே பேசுகின்றனர். ஏனையோர் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டுச் செல்கின்றனர். நாளடைவில் வருவதையும் நிறுத்திவிடுகின்றனர். ஆர்வமில்லாதவர் என்று நாம் அவர்களை ஒதுக்கிவிடுகிறோம். அது நேரிய தீர்ப்புத்தானா?

காந்தியடிகள் 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்றார். அங்கே மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றார். கூட்டங்களுக்குத் தவறாது சென்றார். ஆயினும் வாய் திறந்தாரில்லை. மற்றவரெல்லாம் தம்மினும் அறிந்தவர் என்று அவருக்குத் தோன்றியது. துணிவை வரவழைத்துக்கொண்டு பேச முற்படும்போதோ, பேச்சு வேறு பொருளுக்குச் சென்றிருக்கும்! தம்மோடு நன்றாகப் பேசுகிறவர் குழுவில் மட்டும் ஏன் வாளாவிருக்கிறார் என்று நண்பர் ஓல்டுபீல்டு வினவியதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே குறிப்பிடுகிறார்.

அவருக்குக் கருத்தில்லாமற் போயிற்றா? இல்லை. கருத்தடை முறைகளை ஆதரித்தார் என்பதற்காக டாக்டர் அல்லின்சன் என்பவரைச் சங்கத்தினின்றும் நீக்க முயன்றனர். அவருடைய கொள்கை காந்தியடிகளுக்கு உடன்பாடன்று. எனினும், மரக்கறி உணவைப் பரப்புவதே நோக்கமாகவுள்ள சங்கம், வேறு காரணத்துக்காக ஒருவரை விலக்குதல் முறையன்று எனக் கருதினார். அதனை எழுதிச் சென்றார். படிக்கத் துணிவு பிறக்கவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். அவர் பக்கம் வெற்றி பெறவில்லை. ஆனால், அந்தத் தாளும் படிக்கப்படாதிருந்தால், நியாயமான ஒரு குரல் அவையில் ஒலிக்காமலே போயிருக்கும்.

1894இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரசு தோன்றியபோது, நிலைமை மாறியது. முன்பு தாம் நின்ற நிலையில் இப்பொழுது பிறர் நிற்பதைக் காந்தியடிகள் கண்டார். பொதுக் கூட்டத்தில் பேசிப் பழகாத உறுப்பினர்கள் எழுந்து நிற்கவே தயங்கினர். அவர் அவர்களைக் கடியவில்லை. கூட்டம் நடத்தும் முறைகளை விளக்கினார். எப்பொழுது எழலாம், எவ்வாறு பேசலாம் என்பது தெரிந்தபின் அச்சம் நீங்கிற்று. அவையில் பேசியறியாத பலர், பொதுநலம் பற்றிச் சிந்திக்கவும் பேசவும் பழகினர்.

இதற்கும் முன்னரே, 1727இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்கிளின் ஜண்டோ என்னும் சிறு கழகம் கண்டார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினர். ஒவ்வோர் உறுப்பினரும் தம் முறை வரும்போது ஆய்வுக்குரிய வினா ஒன்றைக் கொணர வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தாமே எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்க வேண்டும். பிறர் கூற்றை முகத்திலடித்தாற்போல் மறுப்போர்க்குச் சிறு தண்டமும் உண்டு. பேசுவதற்குரிய முறையும், பேசினால் இகழப்படோம் என்னும் உறுதியும் ஒருங்கே கிடைத்தன.

நம் மன்றங்களுக்கு இவற்றினும் சிறந்த வழி வேண்டா. புதியவரை முதல் நாளிலேயே மேடையேற்றித் திகைக்க வைக்காதீர்கள். முன்கூட்டியே தலைப்பைச் சொல்லுங்கள். வினா ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அல்லது சென்ற கூட்டத்தின் குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். பேச நாணுவோர் எழுதித் தரட்டும். அடுத்த பொருளுக்குச் செல்லுமுன் தலைவர் சற்றே பொறுத்திருக்கட்டும். பிழையாகப் பேசினாலும் ஒருவரும் நகையாதிருக்கட்டும்.

புதிதாகச் சேர்ந்த நண்பர்களே! பிறரெல்லாம் உங்களினும் அறிந்தவர் என்று எண்ணி அடங்கிவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு வினாவையேனும் கேளுங்கள். மூத்தவர்களே! அந்த வினா எழுவதற்குரிய இடத்தை அவர்களுக்கு விட்டுவையுங்கள். அது உங்கள் கடமை.