ஒரு சார்ஜர், நாலு சாமான்



போன வாரம் நம் ஸ்ரீவராகம் வகுப்பில் ஒரு அக்கா கேட்டார். "வேளாங்கண்ணிக்குப் போகிறோம். வீட்டில் நாலு பேர். நாலு சார்ஜர் கொண்டுபோக வேண்டுமா?" என்று. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நாலு வேண்டாம் அக்கா. நல்லதாக ஒன்று போதும். ஆனால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சார்ஜரில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிய வேண்டும். எதை முதலில் போடுவது என்றும் தெரிய வேண்டும். இரண்டாவதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருடம் அத்தையைச் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அத்தை மகளும் வந்தாள். இரவு ரயில். எங்களிடம் நாலு சாமான் இருந்தன. என் போன். அத்தை மகளின் போன். அத்தையின் பட்டன் போன். பிறகு, அத்தை காதில் வைக்கும் கருவி. அந்தக் கருவிக்கு ஒரு சின்ன டப்பா உண்டு. இரவில் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்து, டப்பாவைச் சார்ஜில் போட வேண்டும். எங்களிடம் சார்ஜர் ஒன்றுதான்.

ஏறியதும் என் போனைப் போட்டேன். டிக்கெட் அதில்தானே இருக்கிறது! அதில் ஏற்கெனவே பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. இருந்தாலும் போட்டேன். பிறகு அத்தை மகள் போட்டாள். படம் பார்த்துக்கொண்டே போட்டாள். பார்த்துக்கொண்டே ஏற்றினால் மெதுவாகத்தான் ஏறும். படுக்கும்போது டப்பாவைப் போட்டோம். நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் பார்த்தால் டப்பாவில் ஒன்றும் ஏறவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால், ரயிலில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு. 2021 மார்ச்சில் ரயில்வே இதை மறுபடியும் நினைவூட்டியது. பத்திரிகையிலும் வந்தது. உங்களை வாசிக்கச் சொல்கிற நான் அதை வாசிக்கவில்லை!

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" அத்தை தலையாட்டினார். "தலைசுற்றல் உண்டா?" தலையாட்டினார். "மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா?" அதற்கும் தலையாட்டினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் அத்தையின் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன். வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. அப்போது என் போனில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தது.

டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணுக்கு 10 இலக்கம். அதையும் இருக்கை எண்ணையும் நோட்டில் எழுதி வைத்திருக்கலாம். வேண்டிய போன் நம்பர்களையும் எழுதியிருக்கலாம். போனுக்கு நோட்டுப் புத்தகம் கொஞ்சமாவது உதவும். காதுக்கு எது உதவும்? எது நின்றால் வேறு வழி இல்லையோ, அதைத்தான் முதலில் போட வேண்டும்.

இனி, சார்ஜரை வாசிப்பது. சார்ஜரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். பொடி எழுத்து இருக்கும். எழுத்து ஆங்கிலம். ஆனால் எண் நமக்குத் தெரிந்த எண்தான். ஒரு வரியில் 100-240 என்று இருக்கும். அது பிளக்கிலிருந்து சார்ஜர் எடுப்பது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். பல ரயில் பெட்டிகளில் வருவது 110 வோல்ட். இரண்டும் 100-க்கும் 240-க்கும் நடுவில்தான் இருக்கின்றன. அதனால் இரண்டு இடத்திலும் வேலை செய்யும்.

அடுத்த வரி, சார்ஜர் வெளியே கொடுப்பது. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கலாம். ஐந்தையும் இரண்டையும் பெருக்குங்கள். 10 வாட். வாட் கூடினால் அதற்கு ஏற்ற போனில் சீக்கிரம் ஏறும்.

பெரிய சார்ஜரில் சின்ன சாமானைப் போட்டால் கெட்டுவிடுமா? பலருக்கு இந்தப் பயம் உண்டு. நல்ல சார்ஜர் என்றால் கெடாது. ஸ்ரீவராகம் குளம் எவ்வளவு பெரியது! நம் குடம் கொள்ளும் அளவுதானே நாம் எடுக்க முடியும்? அப்படித்தான். போன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். சின்ன சார்ஜரில் பெரிய போனைப் போட்டால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். ஆனால் உருண்டை முனை உள்ள பழைய சாமான்களுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு வோல்ட் வேறாக இருக்கும். அதனதன் சார்ஜரில்தான் போட வேண்டும்.

இரண்டு ஓட்டை உள்ள சார்ஜரும் கிடைக்கிறது. பலவற்றில் மொத்த வாட்டை இரண்டு சாமானும் பங்கு போட்டுக்கொள்ளும். அவசரமானதைத் தனியாகப் போடுங்கள்.

முன்பெல்லாம் போனுக்குப் போன் வயர் முனை மாறும். இப்போது டைப் சி என்ற முனை பரவிவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விற்கும் புதிய போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதல் இது சட்டம். நம் நாட்டிலும் 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப் சி-க்குத் தரம் வகுத்து வெளியிட்டது. எங்கள் நாலு சாமானில் மூன்று டைப் சி. பட்டன் போனுக்கு மட்டும் பழைய முனை. அதற்குத் தனி சார்ஜர் வேண்டாம். ஒரு வயர் கூட எடுத்தால் போதும்.

சார்ஜர் வாங்கும்போது, ஆர் என்ற ஆங்கில எழுத்தும் பின்னால் எட்டு இலக்க எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அது அந்த அமைவனத்தின் பதிவு எண். வெளியிடங்களில் வயரை மட்டும் நேராகச் சொருகும் ஓட்டைகள் இருக்கும். அவை வழியாகப் போனில் உள்ள விவரங்களைத் திருட முடியும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் எச்சரித்தது. நம் சார்ஜரைப் பிளக்கில் மாட்டி, அதில் போடுவதே நல்லது. தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். சூடாகும்.

திரும்பி வரும்போது வரிசையை நோட்டில் எழுதிவிட்டோம். முதலில் டப்பா. ரயில் ஏறியதுமே போட்டோம். இரவு 11 மணிக்கு வெகு முன்பே நிறைந்துவிட்டது. அடுத்து என் போன், அதற்கு அடுத்து அத்தை மகள் போன். அவளுக்குக் கோபம்தான். அத்தையின் பட்டன் போனுக்குச் சார்ஜே தேவைப்படவில்லை. அது நாலு நாள் தாங்கும்.

சரி, சார்ஜர் கொண்டு வந்தவர்கள் வெளியே எடுங்கள். இரண்டாவது வரியில் என்ன எண் இருக்கிறது? யார் முதலில் வாசிக்கிறீர்கள்?