பயிற்சியாளர் பெயரை என்ன செய்வது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல் என்று மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிட்டோம். நாலாவதாக, "செய்திமடல்: ஒரு சின்னப் பிரச்சினை" என்று செயலாளர் எழுதியிருக்கிறார். எனக்கு அது சின்னதாகத் தோன்றவில்லை. அதனால்தான் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விஷயம் உங்களில் பலருக்குத் தெரியும். நம் வளாகத்துப் பெண் ஒருத்தி கல்லூரி கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். முதல் வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், மூன்றாம் வருஷம் களத்தில் இறங்கும் முதல் ஐந்து பேரில் ஒருத்தி. அவளைப் பற்றிச் செய்திமடலில் போடலாம் என்று முடிவு செய்து, அவளையே எழுதச் சொன்னோம். எழுதிக் கொடுத்தாள். அதில் ஒரு வரி: தன் ஆட்டம் மாறியதற்கு முழுக் காரணம் தன் பழைய கோச்தான் என்று, அவர் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தாள். அந்த கோச், வேறொரு பெண் கொடுத்த புகாரை விசாரித்த பிறகு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்.

உடனே நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி. "அந்த ஆள் பெயரே வரக் கூடாது, அந்த வரியை அடித்துவிடுங்கள்" என்பது ஒன்று. "யார் என்ன சொன்னாலும் கை தேர்ந்தவர், இந்தப் பெண்ணே சாட்சி, நம் கோடை முகாமுக்கே அவரைக் கூப்பிடலாம்" என்பது இன்னொன்று. இந்த இரண்டுமே சரியில்லை என்று சொல்லத்தான் எழுந்தேன். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். இங்கே யார் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை.

நான் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் லெட்ஜர் எழுதிய தலைமுறை. எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம், தப்பான பதிவை அழிக்கக் கூடாது என்பது. அடியில் இருப்பது படிக்கும்படி ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அழித்த பக்கத்தை எந்த ஆடிட்டரும் நம்ப மாட்டார்.

அமெரிக்காவில் கல்லூரி கூடைப்பந்தில் ஒரு சம்பவம் நடந்தது. லூயிவில் பல்கலைக்கழகத்தில் ரிக் பிட்டினோ பெயர் பெற்ற கோச். 2013 ஏப்ரலில் அவருடைய அணி மிச்சிகனை 82-76 என்று தோற்கடித்து தேசியக் கோப்பையை வென்றது. அந்த இறுதி ஆட்டத்தில் லூக் ஹான்காக் என்ற மாணவர் பெஞ்சிலிருந்து வந்து 22 புள்ளிகள் எடுத்தார். மூன்று புள்ளி வீச்சு ஐந்து போட்டார், ஐந்தும் உள்ளே. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

பிறகு ஒரு அசிங்கம் வெளியே வந்தது. அணியின் ஊழியர் ஒருவர், புதிதாகச் சேர வரும் இளம் வீரர்களுக்காக விடுதிக்குப் பெண்களை ஏற்பாடு செய்திருக்கிறார். தனக்குத் தெரியாது என்றார் பிட்டினோ. கண்காணிக்கத் தவறினார் என்றது விளையாட்டு அமைப்பு. வேறொரு விசாரணையும் சேர்ந்துகொள்ள, 2017இல் பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. அந்த இரண்டாவது விஷயத்தில் 2022இல் அவர் மேல் தவறில்லை என்று தீர்ப்பானது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முதல் விஷயத்துக்காக 2018இல் அந்த 2013 கோப்பையே பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. கொடியைக் கழற்றிவிட்டார்கள்.

ஹான்காக்கும் அவருடன் ஆடிய நான்கு பேரும் வழக்குப் போட்டார்கள். தப்பு செய்தது யாரோ, எங்கள் ஆட்டத்தை ஏன் அழிக்கிறீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. 2019இல் சமரசமாயிற்று. ஆட்டக்காரர்களின் புள்ளிக்கணக்கும் ஹான்காக்கின் விருதும் திரும்பி வந்தன. கோப்பை திரும்பி வரவில்லை.

நம் பெண் எழுதிய வரியை நாம் பாட்டுக்கு அடித்தால் அதே தப்பைத்தான் செய்கிறோம். அவளுக்கு நேர்ந்த ஒன்றை நேரவில்லை என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அவள் கேட்டது இதுதான்: "அவர் சொல்லிக் கொடுத்தது நிஜம்தானே அங்கிள்? அதை நான் எங்கே போய் வைக்கிறது?"

நிஜம்தான் அம்மா. பந்தை விடும்போது உன் முழங்கை வெளியே போகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அந்த வரவு அவர் பெயரில்தான் இருக்கும்.

இனி இரண்டாவது கட்சிக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதை வங்கி மொழியில் சொன்னால் 'செட் ஆஃப்'. ஒரு கணக்கில் உள்ள வரவை எடுத்து இன்னொரு கணக்கின் பாக்கியில் கழிப்பது. வங்கிக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையதாக, ஒரே உரிமையில் இருக்க வேண்டும். அப்பா கடன் கட்டவில்லை என்பதற்காக, அவர் காப்பாளராக இருக்கும் மைனர் பிள்ளையின் சேமிப்பில் கை வைக்க முடியாது. கையெழுத்து அப்பாவுடையதுதான், பணம் பிள்ளையுடையது.

இங்கேயும் அப்படித்தான். நம் பெண்ணுக்கு அவர் செய்த நன்மை இவளுடைய கணக்கில் இருக்கிறது. இன்னொரு பெண்ணுக்கு அவர் பட்ட பாக்கி அந்தப் பெண்ணின் கணக்கில் இருக்கிறது. இவளுடைய நன்றியை எடுத்து அவளுடைய பாக்கியைத் தீர்க்க நமக்கு என்ன உரிமை?

ஓட்டப் பந்தயத்தில் ஆல்பெர்ட்டோ சலசார் என்ற அமெரிக்க கோச் இருந்தார். பிரிட்டனின் மோ ஃபாரா அவரிடம்தான் பயிற்சி பெற்றார். 2012 லண்டன், 2016 ரியோ, இரண்டு ஒலிம்பிக்கிலும் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் தங்கம், ஆக நான்கு. அதே பயிற்சிக் குழுவில் மேரி கெயின் என்ற பெண்ணும் இருந்தார். 17 வயதில் உலக சாம்பியன்ஷிப்பில் ஓடியவர். எடையைக் குறை, இன்னும் குறை என்று சொல்லிச் சொல்லியே தன் உடம்பைக் கெடுத்ததை, ஐந்து எலும்புகள் முறிந்ததை, 2019இல் அவர் வெளியே சொன்னார். அதே 2019இல் ஊக்கமருந்து விதிமீறல்களுக்காக சலசாருக்கு நான்கு ஆண்டு தடை. 2021இல் வேறு நடத்தைக் குற்றங்களுக்காக நிரந்தரத் தடை. ஃபாராவின் நான்கு தங்கத்தை அடுக்கி வைத்தாலும் மேரி கெயினின் ஒரு எலும்பு கூடாது. ஃபாராவுக்கும் அவருக்கும் கணக்கே வேறு.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். "முழுக் காரணம்" என்று அந்தப் பெண் எழுதியிருந்தாளே, அது சரியா? முழங்கையைத் திருத்தச் சொன்னவர் கோச். பத்தடி உயர ரிங்கைப் பார்த்து நம் பார்க்கிங் பின்னால் விடிகாலையில் தினமும் 200 முறை பந்து எறிந்தது யார்? அவள்தான். அந்த டப் டப் சத்தம் தாங்காமல் சங்கத்துக்குப் புகார் எழுதியவர்களில் நானும் ஒருவன், எனக்கு நன்றாகத் தெரியும். நாலரைக்கு எழுந்து ராகிக் கஞ்சி காய்ச்சியது அவள் அம்மா. அவர் போன பிறகு வந்த புது கோச்சிடம்தான் கடைசி ஒரு வருஷம் ஆடினாள். பதினெட்டு வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவில் உடம்பும் பக்குவப்படுகிறது. இத்தனை பேர் போட்ட சில்லறையை ஒருவர் பெயரில் வரவு வைத்திருந்தாள்.

ஏன் அப்படி எழுதினாள் என்று கேட்டேன். "அவர் எப்பவும் அப்படித்தான் சொல்வார் அங்கிள், நான் இல்லேன்னா நீ இல்லேன்னு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாக்கியத்துக்கு எவ்வளவு பலம் என்று கொஞ்சம் யோசியுங்கள். நம் ஊரில் விளையாட்டு என்பது பிள்ளைகளுக்குக் கல்லூரி சீட், தமிழக அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, வங்கி வேலை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி என்று சென்னையில் கூடைப்பந்து அணி வைத்திருந்த வங்கிகளை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அந்த வாசல்வரை ஒரு பிள்ளையைக் கொண்டு சேர்ப்பது கோச். அணிப் பட்டியல் அவர் கையில். அப்படிப்பட்டவர் "நான் இல்லேன்னா நீ இல்லே" என்று தினமும் சொன்னால், ஒரு பெண் எதை எதிர்த்துப் பேசுவாள்?

2010இல் டெல்லி காமன்வெல்த், குவாங்சோ ஆசியப் போட்டி இரண்டிலும் நம் பெண்கள் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியது நினைவிருக்கும். அடுத்த வருஷமே, அந்தத் தங்க அணியில் ஓடிய மூவர் உட்பட ஆறு பெண்கள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். கோச் கொடுத்த ஜின்செங் மாத்திரையைத்தான் சாப்பிட்டோம் என்றார்கள். உக்ரைன் கோச் யூரி ஒகரோட்னிக்கை அரசு நீக்கியது. ஆனால் இரண்டு வருஷத் தடையை அனுபவித்தது பெண்கள்தான். கோச் கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதானே பிள்ளைகளைப் பழக்குகிறோம்?

2021 மே மாதம் நம் சென்னையிலேயே ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். பல வீராங்கனைகளை உருவாக்கியவர் என்று பெயர் எடுத்தவர். ஒரு பெண் புகார் கொடுத்த பிறகு மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. எனக்கு உறைத்தது வேறு. அத்தனை காலம் அவர் வாங்கிக் கொடுத்த பதக்கங்களைப் பார்த்த பெற்றோர், என்னைப் போன்றவர்கள், வேறு எதையும் கேட்கத் தோன்றாமல் இருந்திருப்போம்.

ஆகவே என் யோசனைகள் மூன்று.

ஒன்று, கோடை முகாமுக்கு அவரை அழைக்கக் கூடாது. யாரை அழைத்தாலும், முன்பு வேலை பார்த்த இடத்தில் ஏன் விலகினார் என்று சங்கம் நேரில் விசாரிக்க வேண்டும்.

இரண்டு, பயிற்சி நேரத்தில் பெற்றோர் யாரேனும் இருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கோச் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, குழுவில்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் விளையாட்டுப் பயிற்சி நிலையமும் ஸ்டேடியமும் பணியிடம்தான். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தீங்கு என்று தெரிந்தால் புகார் சொல்வது போக்சோ சட்டப்படி ஒவ்வொருவரின் கடமை. "நமக்கேன் வம்பு" என்று இருக்க முடியாது.

மூன்று, அந்த வரி. நான் திருத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "புகார் கொடுத்த அந்தப் பெண் இந்தச் செய்திமடலைப் படித்தால்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்கு அது தோணவே இல்லை அங்கிள்" என்றாள். மறுநாள் அவளே மாற்றி எழுதிக் கொண்டுவந்தாள். வாசிக்கிறேன்:

"பந்தை விடும்போது முழங்கையை உள்ளே வைக்க என் பழைய பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தார். ஒரு புகாரை விசாரித்த பிறகு அவர் நீக்கப்பட்டார். அந்தப் புகாரைக் கொடுத்தவரால்தான் இப்போது ஜூனியர்கள் பயமில்லாமல் பயிற்சிக்கு வருகிறார்கள். இரண்டு பேருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன், ஒரே மாதிரி அல்ல."

பெயர் இல்லை. பொய்யும் இல்லை. இதை அப்படியே அச்சேற்ற சபையின் அனுமதி கேட்கிறேன்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். காலை ஆறு மணிக்கு முன் பந்து தட்டக் கூடாது என்ற விதி என் புகாரால் வந்தது. பல்கலைக்கழகப் போட்டிகள் முடியும்வரை அதை ஐந்தரை ஆக்கிவிடலாம். என் ஜன்னல்தான் பக்கத்தில் இருக்கிறது, நான் சமாளித்துக்கொள்கிறேன்.