ஒளி தருபவன் உள்ளம் நிறைய வேண்டாமா?

(காரியாபட்டியில் மின்தொழிலாளர்களும் வயர்மேன்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் கூடியிருந்த மன்றத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கிற்று. அதற்கு நானும் காரணமல்ல, தலைவரும் காரணமல்லர். ஒலிபெருக்கி ஒலிக்கவில்லை, மேடைக்கு வந்த மின்கம்பியில் பழுது. இளைஞர் ஒருவர் வந்தார், பழுதைக் கண்டார், களைந்தார். ஒலி வந்தது, ஒளியும் வந்தது. எனக்கு மாலை போட்டார்கள், தலைவருக்குத் துண்டு போர்த்தினார்கள். அந்த இளைஞரோ கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நான் அவரை அழைத்து, என் கழுத்தில் கிடந்த துண்டை அவருக்கு அணிவிக்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "துண்டு எதற்கு ஐயா? ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

யாரிடம் கேட்டார், யார் கொடுக்கவில்லை என்று நான் துருவவில்லை. ஆனால் நான் எழுதிக் கொண்டுவந்த குறிப்பையெல்லாம் மடித்துப் பையிலே வைத்துவிட்டேன். அவர் கேட்ட கையுறைதான் இன்று என் பேச்சு.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலையில் பற்றில்லை" என்று தேநீர்க் கடையிலே பேசுகிறார்கள், அலுவலகத்திலே பேசுகிறார்கள், ஏன், நம் தோழர்களிலேயே சிலர் பேசுகிறார்கள். பற்று ஏன் போயிற்று, போனதுதானா, போக்கியவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

அன்று வந்த ஒளி

இது வானம் பார்த்த பூமி. பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்த கரிசல் காடு. குண்டாற்றிலே தண்ணீர் ஓடிய நாளைவிட மணல் காய்ந்து கிடந்த நாளே அதிகம். கிணற்றிலே நீர் இருந்தால் அதை மேலே கொண்டுவரக் கமலை, கமலைக்கு மாடு, மாட்டுக்குப் பின்னால் விடியற்காலம் முதல் நடந்து நடந்து தேய்ந்த உழவன். இருட்டினால் சிம்னி விளக்கு.

1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் அருவியும் அணையும் மின்சாரம் தந்தன. நகரம் ஒளிர்ந்தது, ஆலை சுழன்றது. சிற்றூருக்கோ அது செய்தியாகவே இருந்தது. 1957 ஜூலை முதல் நாள் மாநில மின்சார வாரியம் அமைந்தது. அதன் பின்னர்தான் கம்பங்கள் ஊர் ஊராக நடந்து வந்தன.

எங்கள் ஊருக்குக் கம்பம் வந்த நாளில் நான் பள்ளிச் சிறுவன். கரிசல் மண்ணிலே குழி தோண்டி, பத்துப் பேர் தோள் கொடுத்துக் கம்பத்தை நிறுத்தினர். கம்பி இழுத்த லைன்மேனை ஊரே சூழ்ந்து நின்றது. எங்களுக்கு அவர் மாமா. எங்கள் பாட்டிக்கு அவர் மகன். மோர் கொண்டுவந்து கொடுப்பாள்; அவர் குடித்து முடிக்கும்வரை நகரமாட்டாள். பொட்டலிலே முதல் விளக்கு எரிந்தபோது அந்த மனிதர் முகத்திலே கண்ட மலர்ச்சியை இன்றும் நான் மறக்கவில்லை.

அவருக்குச் சம்பளம் பெரிதன்று. ஆனாலும் நெஞ்சு நிறைந்திருந்தது. காரணம் மூன்று. தன் உழைப்பின் பயனைத் தன் கண்ணாலேயே கண்டார். ஊரார் அவர் பெயரை அறிந்திருந்தனர். நாளைக்கும் வேலை உண்டு, முதுமைக்கு ஓய்வூதியம் உண்டு என்ற உறுதி இருந்தது.

அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள்! அன்றும் வெறுங்கையோடு கம்பம் ஏறியவர் உண்டு. ஏறியவர் உயிரோடு இறங்காத நாளும் உண்டு. ஊருக்கு ஒளி வந்த நாளும் சேரிக்கு ஒளி வந்த நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் இருட்டிலே கழிந்தன! பழமையைப் பாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. மனநிறைவு மனத்திலே தானாக முளைப்பதில்லை. அதற்கும் மண் வேண்டும், நீர் வேண்டும் என்பதற்காகவே சொன்னேன்.

நான்கு குற்றச்சாட்டுகள்

இளைஞர்மீது சாட்டப்படும் குற்றங்கள் நான்கு.

"மணியைப் பார்க்கிறான்" என்பது முதற்குற்றம். பார்க்கட்டுமே! எட்டு மணி நேர வேலைக்காக 1886-இல் சிக்காகோ வீதியிலே குருதி சிந்தினார்கள். 1923-இல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். எதற்காக? தொழிலாளி மணியைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். இன்னொன்றையும் கேளுங்கள். புயல் அடித்தால் அவன் மணி பார்ப்பதில்லை. 2018 நவம்பரிலே கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமுற்றன. விழுந்த தென்னந்தோப்புகளுக்கு நடுவே, சேற்று வயலிலே நின்று மீண்டும் கம்பம் நட்டவர் யார்? மாவட்டம் மாவட்டமாகச் சென்ற மின் ஊழியர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களுமே அல்லவா? அன்று அவர்கள் கைக்கடிகாரத்தையா பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

"ஏறச் சொன்னால் ஏற மறுக்கிறான், எதிர்க்கேள்வி கேட்கிறான்" என்பது இரண்டாம் குற்றம். இங்கேதான் நீங்கள் செவி சாய்க்க வேண்டும்.

உயரழுத்தக் கம்பியிலே ஓடுவது 11,000 வோல்ட். அதிலே கை வைக்குமுன் லைன் கிளியர் பெற வேண்டும். சுவிட்சைத் திறந்து, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து, வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் கம்பியைப் பூமியோடு இணைத்த பிறகே ஏற வேண்டும். "அணைத்துவிட்டோம்" என்று ஒருவர் தொலைபேசியிலே சொன்னால் போதாதா? போதாது! ஏனெனில், கம்பியிலே மின்சாரம் ஒரு திசையிலிருந்து மட்டும் வருவதில்லை. எங்கோ ஒரு கடையிலே ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருப்பார்கள். அதன் மின்சாரம் வீட்டு இணைப்பின் வழியே பின்னோக்கிப் பாயும். மின்மாற்றியோ இருவழியும் வேலை செய்யும் கருவி. 230 வோல்ட்டாகப் புகுந்தது மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளிப்படும். செத்த கம்பி என்று நம்பித் தொட்டவன் செத்துப்போவான்.

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இதை அன்றே எழுதி வைத்தன. கையுறை, ரப்பர்க் காலணி, இடுப்புவார், ஏணி, தலைக்கவசம், மின்சோதனைக் கருவி, பூமி இணைப்புக் கருவி இவையெல்லாம் தொழிலாளிக்கு வழங்கப்பட வேண்டும் என்றன. வழங்க வேண்டியது வேலை வாங்குவோரின் கடமை. ஆனால் கடமையை மறந்தவரை நாம் கேட்கவில்லை, "கையுறை எங்கே?" என்று கேட்ட இளைஞனைச் சோம்பேறி என்கிறோம்!

தோழர்களே! தந்தை துணிச்சலோடு ஏறினார். மகன் கேள்வி கேட்டுவிட்டு ஏறுகிறான். இது வீழ்ச்சியா, வளர்ச்சியா? வளர்ச்சி என்கிறேன் நான். இந்தத் தொழிலிலே நேர்ந்துள்ள மாற்றங்களில் மிகச் சிறந்த மாற்றம் இதுவே. அறிவு வந்தவனுக்கே கேள்வி வரும்.

"நிலைத்து நிற்பதில்லை, அரபு நாட்டுக்கு ஓடுகிறான்" என்பது மூன்றாம் குற்றம். அவன் வேலையிலே நிற்கவில்லையா, வேலை அவனை நிற்க விடவில்லையா? ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இல் வந்தது. இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981-இல் தனிச்சட்டமே இயற்றிற்று. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. தொழிலாளியோ "நீ எங்கள் ஆள் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆள்" என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கிறான். கம்பம் ஒன்று, கம்பி ஒன்று, ஆபத்து ஒன்று. ஏறுகிற இருவரில் ஒருவருக்கு மாதச் சம்பளம், மற்றவருக்கு நாட்கூலி!

கம்பம் ஏற இளைஞர் அஞ்சுகின்றனர் என்றால், 2019-இல் ஐயாயிரம் கேங்மேன் இடங்கள் அறிவிக்கப்பட்டபோது நடந்தது என்ன? ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும் என்ற அந்த வேலைக்குப் பட்டதாரிகளும் விண்ணப்பித்தனர். கம்பம் ஏறும் தேர்வுக்கு வெயிலிலே காத்து நின்றனர். அவர்கள் நாடியது சுகமான நாற்காலியை அல்ல. நாளைக்கும் உண்டு என்ற உறுதியை. அந்த உறுதி இங்கே கிடைத்தால், வயதான தாயை விட்டு, கைக்குழந்தையை விட்டு, எவன் கடல் கடந்து பாலைவனத்திலே கம்பி இழுக்கப் போவான்?

"தொழிலைக் கற்பதிலே ஆர்வமில்லை, அரைகுறை வேலை செய்கிறான்" என்பது நான்காம் குற்றம். இதிலே உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மேடையிலே கைதட்டல் வாங்குவதற்காகப் பொய் பேசுவது நம் மரபல்ல. அன்று வீட்டு வயரிங் என்றால், சுவரிலே மரச்சட்டம் அடித்து, நூல் பிடித்தாற்போல வயரைப் பதித்து, கடைசி விளக்கு எரியும்வரை ஒரே மேஸ்திரி உடனிருப்பார். இன்று சுவரை உடைத்துக் குழாய் பதிப்பவர் ஒருவர், வயர் இழுப்பவர் ஒருவர், சுவிட்ச் மாட்டுபவர் ஒருவர். பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி. வேலை துண்டு துண்டானால் பெருமையும் துண்டு துண்டாகத்தானே ஆகும்? எர்த் கம்பியை விட்டுவிட்டால் எவருக்குத் தெரியும் என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. ஆனால் இளைஞனே, அந்த வீட்டுக் குழந்தை ஈரக்கையோடு இரும்புப் பெட்டியைத் தொடும் நாளில் அது தெரிந்துவிடும்! கூலி குறைவு என்பது போராடுவதற்குக் காரணம். எர்த்தை விடுவதற்குக் காரணமாகாது.

மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்குள் சென்று பாருங்கள். எரிந்த காயிலை வெட்டியெடுத்து, பழைய சுற்றுகளை எண்ணி, அதே கனமுள்ள செம்புக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மோட்டாரை ஓடவிட்டுச் செவிசாய்த்துக் கேட்கும் தொழிலாளியின் கண்களைப் பாருங்கள். வாடிய பருத்திக்கு நாளை நீர் பாயும் என்பது அவருக்குத் தெரியும். முழு வேலையும் ஒருவர் கையிலே இருக்கும் இடத்தில் மனநிறைவு இன்னும் இருக்கிறது, எங்கும் ஓடிப்போய்விடவில்லை.

கமுதி கற்பிக்கும் பாடம்

இங்கிருந்து தென்கிழக்கே, திருச்சுழியைத் தாண்டினால் கமுதி. 2016-இல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஏக்கர் நிலம். 25 லட்சம் சூரியத் தகடுகள். ஆறாயிரம் கிலோமீட்டர் கேபிள். எட்டே மாதத்தில், சுமார் 8,500 பேர் உழைத்துக் கட்டி முடித்தனர்.

வியப்புத்தான்! சுட்டெரித்த வெயிலே செல்வமாயிற்று. ஆனால் அந்த 8,500 பேரின் வேலை? தகடுகள் நின்றதும் வேலையும் நின்றது. தூசி துடைப்பதற்குக்கூட இயந்திரங்கள் வந்துவிட்டன. இயந்திரம் வரட்டும், வெயிலிலே மனிதன் வேகாமல் இருப்பது நல்லதே. நான் கேட்பது வேறு. நம் மண்ணும் நம் வெயிலும் நிலைத்து நிற்கும் மின்நிலையமாக மாறும்போது, நம் பிள்ளைகளுக்கு மட்டும் எட்டு மாத வேலைதானா? இன்வெர்ட்டரைப் பழுது பார்க்கவும், சூரிய மின்சாரத்தைக் கட்டத்தோடு இணைக்கவும், கூரைத் தகடுகளைப் பாதுகாப்பாக மாட்டவும் அவர்களுக்கு யார் கற்றுத்தந்தார்கள்? தொழில் மாறும்போது தொழிலாளியையும் உடன் அழைத்துச் செல்லாவிட்டால், அவன் மனம் மட்டும் பழைய இடத்திலேயே நிறைந்து நிற்குமா?

செய்ய வேண்டுவன

ஆள்வோரிடம் கேட்போம்: தொடர்ச்சியாக நடக்கும் வேலைக்கு நிரந்தர ஆள் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே கையுறை, ஒரே இடுப்புவார், ஒரே இழப்பீடு வேண்டும். 2010-இல் வாரியம் கழகங்களாகப் பிரிந்தது. 2024-இல் மீண்டும் பிரிந்தது. பெயர்ப்பலகைகள் மாறின. கம்பத்தின் அடியிலே நிற்பவன் நிலையும் மாற வேண்டாமா?

இயக்கத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலே பத்தாண்டு வயரிங் செய்தும் சான்றிதழ் இல்லாதவர் இருப்பார். அனுபவத்தைக் கொண்டே எழுதத்தக்க மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. விண்ணப்பத்தை வாங்கிக் கொடுங்கள், நிரப்பிக் கொடுங்கள். உங்கள் கடையிலே ஜெனரேட்டர் இருக்கிறதா? அதன் இணைப்பு கம்பிக்குப் பின்னோக்கிப் பாயாதபடி மாற்று சுவிட்ச் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். கொடி கட்டக் கம்பம் தேடும்போது மின்கம்பத்தை விட்டுவிடுங்கள். அதிலே ஏற வேண்டியவன் நம் தம்பி.

இளைஞர்களே, உங்களுக்கு ஒன்று. கேள்வி கேளுங்கள்; கேட்டுக்கொண்டே இருங்கள். அதோடு கற்றுக்கொண்டும் இருங்கள். கூலிக்காகச் சேர்ந்து நில்லுங்கள். வேலையிலே மட்டும் குறை வைக்காதீர்கள். திறமையும் ஒற்றுமையும் உள்ளவனை எவராலும் "அத்தக்கூலி" என்று ஒதுக்கிவிட முடியாது.

பேச்சை முடிக்குமுன் அந்த இளைஞரைத் தேடினேன். அடுத்த ஊரிலே பம்ப்செட் பழுது என்று போய்விட்டாராம். வெறுங்கையோடுதான் போயிருக்கிறார். இந்த மன்றத்திலே இப்போது ஒரு துண்டு ஏந்தி வரப்போகிறார்கள். ஆளுக்கு இயன்றதைப் போடுங்கள். நாளைக் காலை அவருக்கும் அவரோடு வேலை செய்பவர்களுக்கும் கையுறை போய்ச் சேரட்டும். ஆனால், தோழர்களே, இது நம் அன்புக்கு அடையாளமே தவிர, அவர்களின் உரிமைக்கு ஈடாகாது. உரிமையை உரியவரிடம் கேட்டுப் பெறும்வரை நமக்கு ஓய்வில்லை.